லோங்காங் தண்ணீர் எங்கே போகிறது என்று நடந்து பார்த்தோம்

2023 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. சிலாங்கூர் சட்டமன்றத்தைக் கலைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காலை ஏழரை மணிக்கு எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், கடைசி வரிசையில் ஐந்து பேர் கூடினோம். நான், எதிர்வீட்டு அக்கா, மோட்டார் பட்டறை அண்ணன், படிவம் ஆறு படிக்கும் அவருடைய மகன், அப்புறம் எழுபத்தெட்டு வயதுத் தாத்தா ஒருவர். தாத்தா கையில் ஆளுயர மூங்கில் குச்சி. அதில் அரை அடிக்கு ஒரு கோடாக வெள்ளைப் பெயிண்டில் போட்டு வைத்திருந்தார்.

"தண்ணி எங்க தேங்குதுன்னு எல்லாருக்கும் தெரியும்மா. அது எங்க போயி விழணும்னு யாராச்சும் நடந்து பாத்திருக்கோமா?" என்று முந்தின வாரம் அவர் கேட்டார். அவர் தோட்டத்தில் முப்பது வருடம் கால்வாய் வெட்டும் வேலை பார்த்தவர். யாரும் நடந்து பார்த்ததில்லை. அதனால்தான் லோங்காங் எனும் வடிகால் வழியே அந்தக் காலை நடை.

எங்கள் ஊர் சிலாங்கூரின் வட பகுதியில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. நாளைக்கும் இதே அலுவலகங்களோடுதான் நாங்கள் பேசிப் பழகவேண்டும். ஒரு காலத்தில் எல்லாம் ரப்பர் பால்மரம், பிறகு செம்பனை. தோட்டத்தில் பாதியை விற்று வீடு கட்டியபோது, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்கு மலிவு விலை வீடு கிடைத்தது. 1996-இல் நாங்கள் தாமானுக்கு வந்தோம். சுற்றிலும் இன்னும் செம்பனைதான். நடுவில் ஒரு கடை வரிசை, கோவில், தமிழ்ப்பள்ளி, கிளினிக், பெட்ரோல் நிலையம்.

லயத்தில் இருந்தவரை எந்தக் குறைக்கும் முகவரி ஒன்றுதான். குழாயில் தண்ணீர் வரவில்லையா, மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்வோம். அவர் எழுத்தரான கிராணியிடம் சொல்வார். கிராணி தோட்ட மேனேஜரான துரையிடம் கொண்டுபோவார். நடக்கிறதோ இல்லையோ, யாரிடம் சொல்வது என்ற குழப்பம் இருக்காது. தாமானுக்கு வந்தபோது அந்த ஒற்றை முகவரி போய்விட்டது. அதன் இடத்தில் ஏழெட்டு அலுவலகங்கள் வந்தன. எது எவருடைய வேலை என்று எங்கள் அப்பா அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எத்தனை வருடம் வீணாயிற்று என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனம் வலிக்கிறது.

2021 டிசம்பர் மழையை மலேசியாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மட்டும் தெரிந்த படங்களைப் பார்த்துக்கொண்டே, நாங்கள் முழங்கால் அளவு தண்ணீரில் அரிசிப் பானையைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் தண்ணீர் செய்தியில் வரவில்லை. வர வேண்டிய அளவும் இல்லை. ஆனால் எங்களுக்கு அது வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும் தண்ணீர். மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, பிள்ளைகளின் பள்ளிக் காலணி என்று கணக்குப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும்.

சரி, யாரைக் கேட்பது? எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "அடுத்த மன்றத் தேர்தலில் பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு தம்பி கோபமாக எழுதினான். அவனைப்போல் நினைப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் ஊராட்சி மன்றத்துக்குத் தேர்தல் கிடையாது. முன்பு இருந்தது. 1951-இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கியது. 1957-இல் ஜார்ஜ் டவுனின் முதல் மேயரானவர் டி.எஸ். ராமநாதன் என்ற தமிழர். ஈப்போவில் சலவைக்கடை வைத்திருந்த என் பெரியப்பா, மக்கள் முற்போக்குக் கட்சித் தலைவர்களான சீனிவாசகம் சகோதரர்கள் காலத்தில் நகராண்மைக் கழகத்துக்கு ஓட்டுப் போட்டதைச் சாகும்வரை பெருமையாகச் சொல்வார். 1965-இல், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி அந்தத் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். ஊராட்சி மன்றங்களைப் பற்றி ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் செனட்டர் ஆதி நாகப்பன். அந்த ஆணையம் தேர்தல் மீண்டும் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், சட்டம் 171, தேர்தலை முழுதாக எடுத்துவிட்டது. இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்தில் 8 முதல் 24 பேர்வரை இருக்கலாம். ஒரு நியமனம் அதிகபட்சம் 3 ஆண்டு.

நான் ஓட்டுப் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். அது நடக்கும்வரை, லோங்காங் பிரச்சினையைக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்களுக்கு இருக்கும் வாசல் சட்டமன்றத் தேர்தல் ஒன்றுதான். மாநில அரசு அமைந்த பிறகு அவர்கள்தான் மன்றத்தில் யார் உட்காருவது என்று முடிவு செய்கிறார்கள்.

இப்போது அந்த நடைக்கு வருகிறேன். வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சின்ன லோங்காங்கில் தொடங்கினோம். அது கடைசி வரிசையில் நான்கடி அகலப் பெரிய லோங்காங்கில் விழுகிறது. அதன் ஒரு பக்கச் சுவர் நூற்றிருபது அடி நீளத்துக்கு உள்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மண் சரிந்து, மேலே முட்டளவு புல். அதைத் தாண்டி அறுநூறு எட்டு நடந்தால் பெரிய ரோடு. ரோட்டுக்கு அடியில் மூன்றடி வட்டக் கான்கிரீட் குழாய். தாத்தா குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். மூன்றாவது கோடுவரை மண். ஒன்றரை அடி! குழாயில் பாதி இல்லை. மீதிப் பாதியில் ஒரு பழைய மெத்தை, தேங்காய் மட்டைகள், பிளாஸ்டிக் போத்தல்கள். அந்த மெத்தை எங்கள் தாமானிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

ரோட்டைக் கடந்தால் தோட்டம். நாங்கள் எல்லாரும் இங்கே திரும்பிவிட நினைத்தோம். தாத்தா மட்டும் செம்பனை வரிசைக்குள் இறங்கிவிட்டார். அந்தப் பக்கம் கால்வாய் நன்றாகத்தான் போகிறது, ஓரிடம் தவிர. குலை ஏற்றும் டிராக்டர் கடப்பதற்காகக் கால்வாயின் குறுக்கே மண்ணைக் கொட்டி, அடியில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அரை அடிக்குழாய். பக்கத்தில் அடுக்கியிருந்த மட்டைகள் சரிந்து அதன் வாயை மூடியிருந்தன. தாத்தா அங்கே உட்கார்ந்துவிட்டார். "இங்கதாம்மா தண்ணி நிக்குது. நம்ம வீட்டுல இல்ல. இங்க நின்னு, பின்னாடியே ஏறி, நம்ம வீட்டுக்கு வருது."

மூன்று இடம், மூன்று உடைமைக்காரர். தாமானுக்குள் இருக்கும் லோங்காங் மன்றத்தின் பொறுப்பு. ரோட்டுக்கு அடியில் இருக்கும் குழாய் அந்த ரோட்டைப் பராமரிக்கும் அலுவலகத்தின் பொறுப்பு. தோட்டத்துக் கால்வாய் தோட்டக் கம்பெனியுடையது. நாங்களோ எட்டு வருடமாக எல்லாப் புகாரையும் மன்றத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவையும் ஆள் வந்து புல் வெட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் எழுதியது பொய் இல்லை. அவர்கள் எல்லைக்குள் வேலை முடிந்துதான் இருந்தது.

எந்த ரோடு யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லையோ ரோடு எண் பலகையையோ பாருங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் கூட்டரசு சாலை. எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: சிலாங்கூருக்கு 'B', பேராக்குக்கு 'A', ஜொகூருக்கு 'J', கெடாவுக்கு 'K'. இவ்விரண்டுக்கும் மாவட்டப் பொதுப்பணி இலாகாவில் விசாரிக்க வேண்டும். இரண்டும் இல்லாத தாமான் உள் ரோடுகள் பெரும்பாலும் மன்றத்தின் கீழ் வரும். ஆனால் வீடமைப்பு நிறுவனம் ரோட்டையும் லோங்காங்கையும் மன்றத்திடம் முறையாக ஒப்படைத்திருக்க வேண்டும். எங்கள் தாமானின் கடைசி இரண்டு வரிசை அப்படி ஒப்படைக்கப்படவே இல்லை என்பது அந்த ஜூலையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. புதிதாக வீடு வாங்குகிறவர்கள் இதைச் சாவி வாங்கும்போதே கேளுங்கள்.

கடிதம் எழுதினோம். மலாயில், ஒரே பக்கம். தேதி போட்ட மூன்று படம், பட்டறை அண்ணன் மகன் கையால் வரைந்த ஒரு வரைபடம். அதில் தண்ணீர் போகும் வழியை நீலப் பேனாவால் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தான். மூன்று இடத்துக்கும் மூன்று கடிதம் போகவில்லை, ஒரே கடிதம்தான் போனது. கீழே "சாலினான் கெப்பாடா" (நகல் பெறுவோர்) என்று மூவர் பெயரும் இருந்தது. மற்ற இருவருக்கும் இது போயிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். நேரில் கொண்டுபோய், நகலில் சாப் (அலுவலக முத்திரை) அடித்து வாங்கினோம். மன்றத்துக்குப் போகும்போது மதிப்பீட்டு வரி பில்லையும் எடுத்துக்கொண்டோம். பிப்ரவரி கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நாங்கள் ஒழுங்காகக் கட்டும் வரி அது. முகப்பில் இருந்த பெண் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எங்கள் புகாரைக் கணினியில் ஏற்றினார்.

யாருக்கு அதிகம் பயந்தோமோ அவர்தான் முதலில் அழைத்தார். தோட்டத்து மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பியபோது, வயதானவர்கள் இரண்டு பேர் வர மறுத்துவிட்டார்கள். துரை பங்களாவுக்கு முன்னால் கைகட்டி நின்ற உடம்பு, அவ்வளவு சீக்கிரம் மறக்காது. தாத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மேனேஜர் ஓர் இளைஞர். எல்லாரையும் உட்காரச் சொன்னார். படத்தைப் பார்த்தார். அந்த வரிசையில் தண்ணீர் நின்று தனக்கும் மகசூல் குறைவதாகச் சொன்னார். ஒன்பதாம் நாள் மண் தோண்டும் பேக்ஹோ வந்தது. அரை அடிக்குழாயை எடுத்துவிட்டு மூன்றடிக் குழாய் போட்டார்கள். எட்டு வருடம் யாரும் அவரிடம் சொல்லவே இல்லை.

இன்னும் லயத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வீடு, தண்ணீர், லோங்காங் எல்லாம் முதலாளியின் பொறுப்பு. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், சட்டம் 446, அதைச் சொல்கிறது. மேனேஜர் கேட்கவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். மன்றத்துக்கு அலைந்து பயனில்லை.

தெருவிளக்குக்கு வருவோம். விடியற்காலை ஐந்தரைக்கு ஃபேக்டரி பஸ் ஏறும் பெண்கள் எங்கள் தாமானில் முப்பது பேருக்கு மேல். பஸ் நிற்கும் முனைவரை கைப்பேசி வெளிச்சத்தில் நடந்துபோனார்கள். "லைட் எரியல" என்று குழுவில் எழுதினால் யாருக்கும் உதவாது. ஓர் இரவு இரண்டு பேர் நடந்து, எரியாத கம்பம் ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதினார்கள். பதினொரு கம்பம். பட்டியல் கொடுத்த பிறகு இரண்டு வாரத்தில் ஒன்பது எரிந்தது. மீதி இரண்டும் அந்த ஒப்படைக்கப்படாத வரிசையில் இருப்பவை.

வாக்காளர் பட்டியலில்தான் பெரிய ஓட்டை இருந்தது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளராகிவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் பலருக்கு அடையாள அட்டையில் இன்னும் பழைய தோட்ட முகவரி இருந்தது. அந்த லயமே இப்போது இல்லை. ஒரு தம்பியின் ஓட்டு பக்கத்துத் தொகுதியில் கிடந்தது. தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் நாங்கள் பார்த்தது ஜூலையில். பட்டியல் முடிவாகிவிட்டது, அந்தத் தேர்தலுக்கு எதுவும் செய்ய முடியவில்லை. பிறகு ஒவ்வொருவரையாகக் கூட்டிப்போய் தேசியப் பதிவிலாகாவில் முகவரி மாற்றி, தேர்தல் ஆணையத்திடமும் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பித்தோம். இந்த வேலையைத் தேர்தல் பேச்சே இல்லாத காலத்தில் செய்ய வேண்டும்.

ஜூலை 29 வேட்புமனு நாள். ஓட்டு ஆகஸ்ட் 12. இடையில் பதினான்கு நாள். பாலர்பள்ளி மண்டபத்தில் ஒரு மாலை ஏற்பாடு செய்து மூன்று வேட்பாளர்களையும் அழைத்தோம். இருவர் வந்தார்கள். பேச்சு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். ஒரே தாள், அதில் நான்கு வரி: சாய்ந்த சுவர், ரோட்டுக் குழாய், ஒப்படைக்காத இரண்டு வரிசை, இரண்டு விளக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரில், "எப்போது?" என்று ஒரு காலியிடம். ஒருவர் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்றவர், தெரியாமல் தேதி எழுத முடியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். எனக்கு அந்த இரண்டாமவரின் பதில் பிடித்திருந்தது. மூன்று நாளில் அவர் விசாரித்தும் சொன்னார்.

இன்னொன்றை மனம் நொந்து எழுதுகிறேன். அந்த மாலைக்கு முன், கோவில் கூரைக்கு நன்கொடை கேட்டால் போதும், அதுதான் கையில் வரும் காசு என்று எங்களில் பலர் சொன்னார்கள். கோவில் எனக்கும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு காசோலை, ஒரு படம், பத்து கிலோ அரிசி என்று வாங்கி வாங்கித்தான், வேறு எதையும் கேட்கத் தெரியாதவர்கள் என்று எங்களை நினைக்க வைத்துவிட்டோம். ஓட்டுக்காகப் பொருள் கொடுப்பதும் வாங்குவதும் 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றங்கள் சட்டப்படி குற்றம் என்பதைக் குழுவில் போட்டபோது இரண்டு பேர் வெளியேறினார்கள். அவர்கள் பிறகு திரும்பி வந்துவிட்டார்கள்.

நாங்கள் செய்த பெரிய தவறு, சட்டமன்றத்தைக் கலைத்த பிறகே வேலையை ஆரம்பித்ததுதான். மன்றத்தின் கணக்கு ஆண்டு ஜனவரியில் ஆரம்பிக்கிறது. அடுத்த ஆண்டுக்கான பணத்தை அதற்கு முன்பே பிரித்துவிடுவார்கள். சுவர் கட்டுவது போன்ற பெரிய வேலையை ஆண்டின் முற்பாதியிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும். இன்னொன்று, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது; சட்டம் 171-இலேயே அது இருக்கிறது. அக்காவும் நானும் அந்த நவம்பரில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். பேச முடியாது, கேட்கலாம். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான உறுப்பினர் யார் என்று அங்கேதான் முதல் தடவை முகம் பார்த்தோம். வெளியே வந்ததும் அவரே எங்களிடம் வந்து, எந்தத் தாமான் என்று விசாரித்தார். தேர்ந்தெடுக்க முடியாதவரிடம் கணக்குக் கேட்கப் போகிறோமே என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர் எங்கள் எண்ணை வாங்கிக்கொண்டார். இப்போது மாதம் ஒரு தடவை பேசுகிறோம்.

ரோட்டுக் குழாயை அக்டோபரில் சுத்தம் செய்தார்கள். மெத்தையை வெளியே இழுத்தபோது நான்கு ஆள் வேண்டியிருந்தது. சுவர் 2024 ஏப்ரலில் வந்தது. நூற்றிருபது அடியில் நாற்பது அடிதான். ஒப்படைக்காத வரிசை அப்படியே இருக்கிறது.

தாத்தாவின் குச்சி இப்போது ரோட்டுக் குழாயின் வாயருகே நட்டு நிற்கிறது. பட்டறை அண்ணன் மகன் வேலைக்குப் போய்விட்டான். பெரிய மழை பெய்தால் வேலை முடிந்து வரும் வழியில் மோட்டாரை நிறுத்தி, தேதி, நேரம், எத்தனையாவது கோடு என்று படம் எடுத்துக் குழுவில் போடுகிறான். 2024 நவம்பர் மழையில் தண்ணீர் மூன்றாவது கோட்டைத் தொடவில்லை. சாய்ந்த சுவர்ப் பக்கம் இருக்கும் நான்கு வீட்டு வாசலில் மட்டும் ஏறியது. மீதி எண்பது அடிக்கு மறுபடியும் கடிதம் கொடுத்திருக்கிறோம். சாப் அடித்த நகல் அக்கா வீட்டில், சாமி அலமாரிக்குக் கீழே இருக்கும் கோப்பில் இருக்கிறது.